மலைச் சாலையும் மக்கள் கணக்கும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூல். பாதை எங்கே வழுக்கும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே மறைந்திருக்கும், பாம்பு எங்கே உறையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பனவற்றையெல்லாம் புலவர் பெருங்கௌசிகனார் மறைக்காது எடுத்துரைக்கிறார். வழியறிந்தவன் அறியாதவனுக்கு உள்ளதை உள்ளவாறு கூறுதலே ஆற்றுப்படையின் அறம்.

அச்செங்கத்துக்கு வடக்கே உயர்ந்து கிடப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்துள்ளது. போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஏறும் சாலைகள் கூடும் இடம் ஜமுனாமரத்தூர். பதினொரு ஊராட்சிகளைக் கொண்ட ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்துக்கு இதுவே தலைமையிடம். மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாமையும் தேனும் புளியும் பலாவும் இம்மலையின் செல்வங்கள். இச்செல்வம் சமவெளிக்கு இறங்குவதும், மருத்துவமும் கல்வியும் மேலே ஏறுவதும் சாலையின் வழியாகவே.

அச்சாலை எவ்வூருக்கு வரும், எப்போது வரும், எவ்வளவு செலவில் வரும், அச்செலவு சாலையாகவே மாறியதா என்னும் நான்கு வினாக்களுக்கும் மக்கள் விடை பெறக்கூடிய நிலையையே போக்குவரத்துத் துறையில் வெளிப்படைத்தன்மை என்கிறோம். அதன் வழிமுறைகளை ஜவ்வாது மலையை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சாலையின்மையின் விலை

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜவ்வாது மலைத்தொடரைச் சார்ந்த வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையொன்று பாம்பு கடித்து இறந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனையை அடையச் சாலை இல்லை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்சும் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவைத் தாய் தன் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தியபடி நடந்தே கடந்தார். செய்தித்தாள்களில் அப்படத்தைக் கண்டு கலங்காத நெஞ்சம் இல்லை.

அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இதே மலையின் திருப்பத்தூர்ப் பகுதியில், கோயிலுக்குச் சென்றோரை ஏற்றிய வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பேருந்து வாராத மலையூர்களில் பொருளேற்றும் வண்டியே மனிதரையும் ஏற்றும் வண்டியாகிவிடுகிறது. ஆகவே சாலைத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது தாரையும் ஜல்லியையும் மட்டும் பேசுவது போதாது. எந்த ஊர் முதலில், எந்த ஊர் பின்னர் என்னும் முடிவில் உயிர்களும் அடங்கியுள்ளன. இத்தகைய முடிவை மக்கள் அறியாத அறையில் எடுத்தல் முறையாகாது.

பட்டியலில் தொடங்கும் பயணம்

சாலை மண்ணில் தொடங்குவதன்று, பட்டியலில் தொடங்குவது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இணைப்பில்லாத குடியிருப்புகளுக்கு எக்காலத்திலும் பயன்படும் சாலை அமைப்பது இதன் குறிக்கோள். சமவெளியாயின் 500 மக்கள்தொகை உள்ள குடியிருப்பும், மலை மாநிலங்கள், பாலைப்பகுதிகள், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகள் ஆயின் 250 மக்கள்தொகை உள்ள குடியிருப்பும் தகுதி பெறும். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த நான்காம் கட்டத் திட்டமும் ஏறக்குறைய இவ்வளவுகோலையே கைக்கொள்கிறது. 70,125 கோடி ரூபாயில் 62,500 கிலோமீட்டர் சாலை அமைக்க வகுத்த இத்திட்டத்துக்கு 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கே அடிப்படை.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என அறிவிக்கப்பெற்ற நிலம் ஒரு சாணும் இல்லை. மலை மாநிலம் என்னும் வகையிலும் தமிழ்நாடு சேராது. ஆதலின் பழங்குடியினரே நிறைந்து வாழும் ஜவ்வாது மலைக்கு, அவ்விரு காரணங்களால் கிடைக்கும் 250 என்னும் தளர்வு கிட்டாது. மலைக்குடியிருப்புகளோ இயல்பாகவே சிறியவை. ஓடைக்கு இப்பால் இருபது வீடு, குன்றுக்கு அப்பால் முப்பது வீடு எனச் சிதறிக் கிடப்பவை. பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணினால் தகுதி கிடைக்கும் ஊர், தனித்தனியே எண்ணினால் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். எப்படி எண்ணினார்கள் என்பதை அவ்வூரார் அறிந்தாலன்றோ, அது பிழை என்று சுட்டவோ வேறு திட்டத்தில் சேர்க்கக் கேட்கவோ இயலும்?

இரண்டாவது தடை காடு. மலைப்பாதைகள் பல காப்புக்காட்டின் ஊடே செல்வன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைக்குமாயின் சாலை, பள்ளி, மருத்துவ நிலையம் முதலியவற்றுக்கு ஒவ்வொரு பணிக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை விட்டுக்கொடுக்க வழி செய்கிறது. வெட்டப்படும் மரங்களும் எக்டேருக்கு 75க்கு மேற்படலாகாது. ஒரு எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலமுள்ள சாலையாயின் 2 கிலோமீட்டரிலேயே அவ்வளவு தீர்ந்துவிடும். அதனினும் நீண்ட சாலைக்கு 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி நடுவண் அரசின் இசைவு வேண்டும். அவ்விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் எந்நிலையில் உள்ளது என்பதைப் பரிவேஷ் என்னும் அரசு இணையதளத்தில் எவரும் காணலாம். ஆயினும் மலையூரார் எத்துணைப் பேர் அதனை அறிவர்? 'வனத்துறை விடவில்லை' என்று ஓர் அலுவலகமும், 'எங்களுக்கு விண்ணப்பமே வரவில்லை' என்று மற்றோர் அலுவலகமும் கூறினால், இடையில் நிற்கும் மக்களுக்கு உண்மையை உணர்த்துவது ஆவணம் ஒன்றே.

சாலை யாருடையது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறை வழியாக நடைபெறுவன. காட்டுப் பாதை வனத்துறைக்குரியது. உரிய அலுவலகத்தை அறியாது கொடுக்கும் மனு, முகவரி தவறிய அஞ்சல் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரூபாய் நடக்கும் பாதை

பட்டியலில் இடம்பெற்ற சாலைக்கு முதலில் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். பின்னர் நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெறப்படும். அடுத்து ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். இதற்கெனத் தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பெற்றது. யார் யார் எவ்வளவு கேட்டனர், யாருக்கு ஏன் அளிக்கப்பெற்றது என்பன பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. பணி ஆணை வழங்கிய பின் வேலை நடைபெறும். நடந்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அப்புத்தகத்தின் அடிப்படையில்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் கிடைக்கும். எனவே மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால், எண்ணியது என்ன, ஒப்பியது என்ன, நடந்ததாக எழுதியது என்ன என்பது விளங்கும். நான்காவதாகச் சாலையையே பார்த்தால் நடந்தது என்ன என்பதும் விளங்கும்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். 1 கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உடைய சாலையில் 7.5 சென்டிமீட்டர் கனத்தில் ஜல்லி அடுக்கு ஒன்று இடுவதாகக் கொள்வோம். இவற்றைப் பெருக்கினால் அழுத்திய நிலையில் 281 கனமீட்டர் ஜல்லி வேண்டும். உருளை ஏறி அழுத்தும்போது ஜல்லி அடங்குமாதலால், லாரியில் வந்திறங்கும் அளவு இதனினும் மிகுதியாயிருத்தல் வேண்டும். அந்தக் கனம் 6 சென்டிமீட்டராகக் குறைந்தால் தேவைப்படுவது 225 கனமீட்டரே. குறைந்த ஒன்றரைச் சென்டிமீட்டர் நடப்பவன் கண்ணுக்குத் தெரியாது. ஆயின் ஐந்தில் ஒரு பங்கு ஜல்லி சாலைக்கு வாராமலே போயிற்று. இரண்டு மழைக்காலம் சென்றபின் குழியாக அது தெரியும். மலைச்சரிவில் நீர் விரைந்து ஓடுமாதலால், ஓரக் கால்வாயும் சிறுபாலமும் குறைந்த சாலைக்கு ஒரே மழை போதும்.

இக்கணக்கைச் செய்யப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்த பள்ளி மாணவனுக்கும் இயலும். வேண்டுவது நீளம், அகலம், கனம் என்னும் மூன்று எண்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் நெறிமுறைகள், ஒவ்வோர் அடுக்கிலும் இடப்பெற்ற பொருளின் அளவை உள்ளூர் மொழியில் எழுதிய தகவல் பலகை சாலையோரம் நிறுத்தப்பட வேண்டும் என்கின்றன. சாலை முடிந்தபின் ஐந்தாண்டுக்குப் பராமரிக்கும் கடமையும் ஒப்பந்ததாரருக்கு உண்டு. முடிந்த நாள் எதுவென்று அறியாத ஊரார்க்கு ஐந்தாண்டு எப்போது முடியும் என்று எவ்வாறு தெரியும்? பலகையில் எழுதும் ஒரு தேதிக்கு இத்துணைப் பயன் உண்டு.

கேட்கும் உரிமை பிறந்த வரலாறு

இராஜஸ்தானத்தில் உழவர்களும் கூலித்தொழிலாளரும் இணைந்து 1990ஆம் ஆண்டில் உருவாக்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்கள் மன்றம் ஒன்றைக் கூட்டியது. அரசுப் பணிகளின் செலவுக் கணக்குகள் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பெற்றன. கணக்கில் இருந்ததற்கும் கண்ணெதிரே இருந்ததற்கும் உள்ள வேறுபாடு, எழுத்தறியாதார்க்கும் அக்கணமே விளங்கிற்று. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் நடந்த அறப்போராட்டம் அக்குரலை நாடெங்கும் கொண்டு சென்றது. தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விலக்குகள் மலிந்திருந்தமையால் அது பெரும்பயன் தரவில்லை. 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டமே இவ்வுரிமையை நிலைபெறச் செய்தது.

அச்சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளார்க்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் விடை தரவேண்டும். உயிர் அல்லது தனிமனித விடுதலை பற்றியதாயின் 48 மணிநேரத்தில் தரவேண்டும். பலரும் அறியாத ஒரு கூறு அதன் இரண்டாம் பிரிவில் உள்ளது. தகவல் உரிமை என்பது ஆவணத்தின் நகலைப் பெறுவதோடு முடிவதன்று. நடைபெறும் பணியை நேரில் ஆய்வு செய்வதும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் அவ்வுரிமையுள் அடங்கும். சாலையிலிட்ட கலவையின் ஒரு துண்டைக் கேட்கும் உரிமை மலையூர்க் குடிமகனுக்கும் உண்டு என்பது எத்துணைப் பெரிய செய்தி! மேலும் நான்காம் பிரிவு, திட்டச் செலவுகளை அலுவலகங்கள் கேளாமலே வெளியிட வேண்டும் எனவும், முடிவுகளுக்குரிய காரணங்களை அவற்றால் பாதிக்கப்படுவோர்க்குக் கூறவேண்டும் எனவும் விதிக்கின்றது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இச்சட்டத்தின் எட்டாம் பிரிவிலுள்ள தனிநபர் தகவல் பற்றிய விலக்கை விரிவாக்கியது. அதனைக் காரணம் காட்டிப் பொதுப்பணத்தின் கணக்கும் மூடப்படுமோ என்னும் கவலை அறிஞரிடையே உள்ளது.

கூட்டம் மட்டும் போதுமா?

கணக்கை ஊரார் முன் வைத்தால் முறைகேடு தானே ஒழிந்துவிடும் என்று கருதுவாரும் உளர். இதனைச் சோதித்துப் பார்த்தவர் பொருளியல் அறிஞர் பெஞ்சமின் ஓல்கன். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் 600க்கு மேற்பட்ட சிற்றூர்களில் அமைத்த சாலைகளை அவர் குழுவினர் ஆராய்ந்தனர். சாலைகளைத் தோண்டி மாதிரி எடுத்து, விலையும் கூலியும் விசாரித்து, உண்மைச் செலவைக் கணக்கிட்டு, எழுதிய கணக்கோடு ஒப்பிட்டனர். சில ஊர்களில் அரசுத் தணிக்கை உறுதியாக வரும் என்று முன்னரே அறிவித்தனர். சில ஊர்களில் கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு மக்களைப் பெருமளவில் அழைத்தனர். தணிக்கை உறுதியான ஊர்களில், கணக்கில் வாராது மறைந்த செலவு ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு மட்டும் அழைத்த ஊர்களில், கூலியில் நடந்த முறைகேடு குறைந்ததேயன்றிப் பொருளில் நடந்தது குறையவில்லை.

காரணம் ஆராயத்தக்கது. தன் கூலி குறைந்தால் தொழிலாளி உடனே அறிவான், கேட்பான். ஜல்லி குறைந்ததை அறிய அளவும் ஆவணமும் வேண்டும். ஆகவே மக்களின் கண்ணும் தணிக்கையாளரின் அளவுகோலும் இரு கைகளாக இணைய வேண்டும். நம் நாட்டின் மலை மாநிலமாகிய மேகாலயா, அரசுத் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கி 2017ஆம் ஆண்டில் சட்டமியற்றியது இங்கு நினைக்கத்தக்கது.

நகருக்கும் இதுவே நெறி. சென்னைப் பெருநகர் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பெற்றும், ஆணையத்தின் முதற்கூட்டம் 2022இல்தான் நடைபெற்றது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பில் நடுவண் அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. இத்தகைய பேரெண்களை நகரத்தார் நாளிதழில் படித்துவிடுகின்றனர். வழித்தடம் ஏன் அவ்வாறு சென்றது என்பது மட்டும் அறிக்கைக் கட்டுகளில் தங்கிவிடுகிறது. மலையிலோ எண்ணும் தெரிவதில்லை, காரணமும் தெரிவதில்லை. நகரில் பேருந்து தவறினால் அடுத்த பேருந்து உண்டு. மலையில் சாலை தவறினால் அடுத்த வழி தூளி கட்டித் தோளில் தூக்குவதே.

அமானிதமும் கணக்கும்

கணக்குக் காட்டுதல் நமக்கு இரவற் கருத்தன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று அவை விதிக்கின்றன. அவ்விதியைக் கல்லில் பொறித்து, வருவோர் போவோர் காண வைத்தனர் என்பதே ஒரு தகவல் பலகை அன்றோ!

இஸ்லாமிய மரபு பொதுப்பணத்தை அமானிதம் என்று போற்றும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளே அமானிதம். வைத்திருப்பவர் அதற்கு உரிமையாளர் அல்லர், காவலரே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து பங்கு பெறுவோர்க்குத் திவான் எனும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். எல்லார்க்கும் ஒவ்வொரு துண்டுத் துணி பங்கிடப்பட்டபோது, தாங்கள் அணிந்திருந்த ஆடைக்குக் கூடுதல் துணி எங்கிருந்து வந்தது என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்க, தம் பங்கைத் தந்தைக்கு ஈந்ததாக மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சான்றுரைத்த பின்னரே உரை தொடர்ந்தது என வரலாற்று நூல்கள் கூறும். கேட்டவர் தண்டிக்கப்படவில்லை, கேட்கப்பட்டவர் சினக்கவில்லை. கி.பி. 1058இல் மறைந்த சட்டமேதை இமாம் மாவர்தீ, ஆட்சிமுறை பற்றிய தம் நூலில், அளவையும் எடையையும் சோதித்தலோடு தெருவில் ஆக்கிரமிப்பை அகற்றுதலையும் முஹ்தஸிப் எனும் அலுவலரின் கடமையாக வகுத்துள்ளார். வழியைக் காத்தலும் அளவைக் காத்தலும் ஒருவர் பொறுப்பிலேயே வைக்கப்பெற்றமை பொருள் பொதிந்தது.

செய்யத்தக்கன

ஜவ்வாது மலைக்கு வேண்டுவன மூன்று. ஒவ்வோர் ஊராட்சியிலும் எக்குடியிருப்புக்குச் சாலை உண்டு, எதற்கு இல்லை, இல்லாமைக்குக் காரணம் மக்கள்தொகையா, வனமா, நிதியா என்பதைக் காட்டும் பட்டியல் தமிழில் எழுதப்பெற்று, சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். நடைபெறும் பணி ஒவ்வொன்றிலும் நீளம், அகலம், கனம், தொகை, முடிவுநாள், பராமரிப்புக் காலம் ஆகிய ஆறும் பலகையில் எழுதப்பட வேண்டும். தணிக்கை அறிக்கை அலுவலக அலமாரியில் உறங்காது அதே சபைக்குத் திரும்பி வரவேண்டும்.

இதில் கல்லூரி மாணவர்க்கும் பங்குண்டு. நாட்டுநலப்பணித் திட்ட முகாமுக்கு மலையேறும் மாணவர்கள், மரம் நடுவதோடு நில்லாது, அவ்வூரின் சாலைப் பலகையைப் படித்து ஊரார்க்கு விளக்கலாம். அளவு நாடாவைப் பிடித்து அகலம் அளந்து காட்டலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவருக்கு ஒன்று எழுதித் தரலாம். தமிழ் கற்றவர்க்கு இது சிறப்புக் கடமை. மதிப்பீடும் அளவுப் புத்தகமும் பொதுமக்களுக்கு விளங்காத மொழியில் இருக்கும்வரை, திறந்த கணக்கும் மூடிய கணக்கே. அவற்றை எளிய தமிழில் ஊரார் காதில் சேர்த்தல், வழியறிந்தோர் அறியாதார்க்கு ஆற்றும் இக்காலத்து ஆற்றுப்படை எனலாம்.